பஸ்ஸுக்கு வேறு பலகை

செருப்பு மாட்டுவதற்கு முன்னால் டிரைவர் அண்ணன் டயர் பார்ப்பார். டயர் என்றால் அவருடைய சொந்தக் கால்கள். நாற்காலியில் உட்கார்ந்து, வலது பாதத்தை இடது தொடைமேல் தூக்கிப் போட்டு, அடியில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து, விரலிடுக்கு விரலிடுக்காக நோட்டம் விடுவார். பிறகு குதிகாலைக் கை முட்டியால் இரண்டு தட்டு. அப்புறம் அடுத்த கால்.

"சர்க்கரைக்காரனுக்குக் கால்ல ஆணி ஏறினாக்கூடத் தெரியாதும்மா. வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி டயரைப் பாத்துடணும்" என்பார். அதை முடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தால் ஸ்கூட்டருக்கும் அதே மரியாதை. ஒரு சுற்று சுற்றி, இரண்டு சக்கரத்தையும் உதைத்து, ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருகிவிட்டுச் சும்மா இருப்பார். ஒரு மூச்சு நேரம் எதற்கோ காத்திருந்துவிட்டுத்தான் கிளம்புவார்.

எதற்கென்று எனக்குத் தெரியும். நான் அவருடைய பக்கத்து வீட்டுக்காரி மட்டுமல்ல, அவருடைய பழைய பயணி. டைப்பிஸ்ட் வேலைக்கு என்னைத் தினமும் கொண்டுபோய் இறக்கியது அவர் ஓட்டிய பஸ்தான். அந்த பஸ்ஸுக்கு நாங்கள் வைத்த பெயர் ஆமை. சாப்பாட்டு டப்பாவும் கைப்பையுமாக நான் சந்து முனையில் தலைதெறிக்க ஓடிவரும்போது மற்ற பஸ்கள் புகையைக் கக்கிவிட்டுப் போயிருக்கும். ஆமை மட்டும் நிற்கும். ஒருநாள் நன்றி சொன்னதற்கு, "கண்ணாடில ஓடி வர்றது தெரியுதேம்மா, பாத்துக்கிட்டே எப்படி விட்டுட்டுப் போறது?" என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன்.

அந்த பஸ்ஸின் கண்டக்டர் அவருடைய மச்சான், அதாவது அண்ணியின் கூடப்பிறந்த அண்ணன். விசில் என்றால் அவருக்கு ஆகாது. பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் நில், இரண்டு தட்டினால் போ. அந்த இரண்டு தட்டு விழாமல் அண்ணன் கியரைத் தொட்டதே கிடையாது. எங்களுக்கெல்லாம் அது பஸ் கிளம்பும் சத்தம் மட்டும். அவர்கள் இருவருக்கும் அது பேச்சு. கோபத்தில் தட்டினால் ஒரு மாதிரி, படியில் வயசானவர் ஏறும்போது வேறு மாதிரி. சம்பளம் வந்த அன்றைக்குத் தட்டும் தட்டில் தாளமே இருக்கும். இப்போது நினைத்தாலும் அந்தத் தகரச் சத்தம் என் காதில் இனிக்கிறது.

நெடுஞ்சாலை தொடங்கும் இடத்தில் ஒரு வேகப் பலகை உண்டு. ஆபீசுக்குப் பிந்தியவர்கள் அதைக் காட்டிக் கத்துவார்கள்: "எண்பதுன்னு போட்டிருக்குய்யா! மிதி!" அண்ணன் திரும்பக்கூட மாட்டார். "அது காருக்கு. கீழே பாருங்க, பஸ், லாரிக்கு அம்பது. எனக்குப் பின்னாடி அத்தனை உயிர் உக்காந்திருக்கு." மச்சான் பின்னாலிருந்து ஒத்து ஊதுவார்: "பறக்கணும்னா ஏரோப்ளேன்ல போங்க சார், டிக்கெட்டை நான் கிழிச்சுத் தர்றேன்."

ஓய்வு பெற்றபோது அண்ணன் டிப்போவிலிருந்து கொண்டுவந்தது கழற்றிப் போட்ட ஒரு பஸ் கண்ணாடியை மட்டும்தான். அதை முன்னறை ஜன்னல் கட்டையில் திருகி வைத்திருக்கிறார். தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டு, முதுகுக்குப் பின்னால் சமையலறையில் நடப்பதையெல்லாம் பார்ப்பார். "டீல சர்க்கரை போட்டுட்டியே, அது எனக்கா உனக்கா?" என்று திரும்பாமலே கேட்பார். "முன்னாடியும் ரெண்டு கண்ணு, பின்னாடியும் ரெண்டு கண்ணு. இந்த மனுஷன்கிட்ட எப்படித்தான் குப்பை கொட்டுறது!" என்பாள் அண்ணி.

சர்க்கரையை அவர் கட்டி மேய்க்கும் அழகே அழகு. நடை, அளவுச் சாப்பாடு, வேளை தவறாத மாத்திரை. கொழுப்பு விஷயத்தில்தான் சறுக்கினார். கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் வந்தால் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். எச்.டி.எல். நல்ல கொழுப்பு, எல்.டி.எல். கெட்ட கொழுப்பு என்று நான் சொல்லிக்கொடுத்ததை அவர் தம் பாஷையில் எழுதிக்கொண்டார்: "நல்லவங்க ஏறணும், கெட்டவங்க இறங்கணும். அவ்வளவுதானே?" எண் எல்லை தாண்டியிருந்தால் லேப்காரர்கள் பக்கத்தில் நட்சத்திரக் குறி போடுவார்கள். அண்ணனுக்கு அது பஸ்ஸில் டிரைவருக்கு முன்னால் எரியும் சிவப்பு எச்சரிக்கை விளக்கு. எரிந்தால் நிறுத்து, எரியாவிட்டால் போய்க்கொண்டே இரு.

ஒருமுறை ரிப்போர்ட்டில் நட்சத்திரமே இல்லை. கெட்டது எழுபதுக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது. "ரைட்!" என்றார் அண்ணன், கொழுப்பு மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டார். சர்க்கரை மாத்திரை மட்டும் ஓடியது. சில மாதம் கழித்து மறுபடி டெஸ்ட். கெட்டது நூற்று இருபத்தாறு. லேப் தாளில் அச்சடித்த எல்லை நூற்று முப்பது. இந்த முறையும் நட்சத்திரம் இல்லை.

"பாத்தியா? மாத்திரை இல்லாமலே எல்லைக்குள்ள நிக்குது!" என்று என் முகத்துக்கு நேரே தாளை ஆட்டினார்.

அண்ணி சிரிக்கவில்லை. சமையலறை வாசற்படியில் நின்றுகொண்டு சொன்னாள்: "எங்க அண்ணனும் இதையேதான் சொல்லிச்சு."

மச்சானுக்கும் சர்க்கரை. அவருடைய ரிப்போர்ட்டிலும் நட்சத்திரம் கிடையாது. வேலையில் இருந்தபோதே ஒருநாள் டிப்போ ஓய்வறையில் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே சாய்ந்தார், மாரடைப்பு. வெளியே பஸ்ஸில் அண்ணன் இன்ஜினை ஓடவிட்டு, அந்த இரண்டு தட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றி அவர் அதுவரை யாரிடமும் பேசியதில்லை. அண்ணி பேசினால் எழுந்து போய்விடுவார். அன்றும் எழுந்தார்.

"நீயும் வா" என்று என் கையைப் பிடித்தாள் அண்ணி. "ஆஸ்பத்திரிக்கு நான் மட்டும் கூட்டிட்டுப் போனா வாயடிச்சே டாக்டரை மடக்கிடுவார். எனக்குப் பயமா இருக்கு. ஒருத்தரைக் கொடுத்தது போதும்."

டாக்டர் சின்னப் பெண். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க ஐயா?"

"அதான் இறங்கிடுச்சே டாக்டரம்மா."

"அது மாத்திரை செஞ்ச வேலை. நிறுத்தினதும் ஏறிடுச்சு, பாருங்க."

"ஏறினா என்ன, எல்லைக்குள்ளதானே இருக்கு? ஸ்டார் போடலையே?"

"ஸ்டார் போடுறது மெஷின் ஐயா. உங்களுக்குச் சர்க்கரை இருக்குன்னு அதுக்குத் தெரியாது. இந்த நூத்திமுப்பது பொதுவா அச்சடிச்சது. சர்க்கரை இருக்கிறவங்களுக்கு ரத்தக்குழாய் சீக்கிரம் கெட்டுப்போகும். அதனால கெட்ட கொழுப்பு நூறுக்குக் கீழ இருக்கணும். உங்க வயசு, பிரஷர் எல்லாம் பாத்தா, உங்களுக்கு எழுபதுக்கும் கீழ வேணும். உங்க எல்லை வேற."

வாயடித்து மடக்குவார் என்று பயந்தோமே, மனிதர் வாயே திறக்கவில்லை. தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சரி என்கிறாரா, போடி என்கிறாரா என்று எங்களுக்குப் புரியவில்லை.

திரும்பும்போது பஸ். அண்ணன் எப்போதும் போல டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து அந்தப் பையனின் கியரைக் குறை சொல்லவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தார். நெடுஞ்சாலை முடிந்து எங்கள் ஊர் தொடங்கும் இடத்தில் அந்தப் பழைய பலகை வந்தது. பெயிண்ட் புதிது, எண்கள் அதேதான். கார் எண்பது. பஸ், லாரி ஐம்பது. அது பின்னால் போய் மறையும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். கழுத்தைத் திருப்பி அவர் எதையும் பார்த்து நான் கண்டதில்லை.

"மச்சானுக்கும் எல்லைக்குள்ளன்னுதான் போட்டிருந்தாங்க" என்றார். அத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்தப் பேச்சை அவராக எடுத்தார். "அந்தத் தாளை நானும்தான் பாத்தேன். ஒண்ணுமில்லடா, கிளம்புன்னு சொன்னதே நான்தான்." சட்டைப் பையிலிருந்த தாளைத் தொட்டுக்கொண்டே, "ரெண்டு பேரும் காருக்கு எழுதின போர்டைப் பாத்துட்டு பஸ்ஸை ஓட்டியிருக்கோம்மா" என்றார். அண்ணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ்ஸில் யாரும் எங்களைக் கவனிக்கவில்லை.

அன்று சாப்பாடு முடியும்வரை நான் அவர்கள் வீட்டிலேயே இருந்தேன். மாத்திரையைப் பற்றி அண்ணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் முரண்டு பிடிப்பார் என்று அவளுக்குத் தெரியாதா? பாத்திரத்தை ஒழித்துப் போட்டுக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் தம் நாற்காலியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து கொழுப்பு மாத்திரை அட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். இன்னொரு கையில் தண்ணீர் டம்ளர். அப்படியே இருந்தார்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. விழுங்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. "என்னண்ணே?" என்று கேட்க வாயெடுத்தேன். அப்போதுதான் அவர் கண் ஜன்னல் கண்ணாடியில் இருப்பதைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் அண்ணி நின்றுகொண்டிருந்தாள்.

அவளும் பார்த்துவிட்டாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்தாள். கதவில், உள்ளங்கையால், இரண்டு தட்டுத் தட்டினாள்.

அண்ணன் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்.