முப்பத்திரண்டு தரமாட்டேன்

எழுபதுகளின் கடைசியில் ஒரு காலை, புதுச்சேரியில் நான் வேலை பார்த்த துப்பாக்கிக் கடையிலிருந்து முதலாளி என்னை வெளியே அனுப்பினார். செய்த குற்றம் இதுதான்: ஒருவருக்கு ஆறு தோட்டா தரமாட்டேன் என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் தரமாட்டேன்.

அந்தக் கடைக்கு நான்தான் மெக்கானிக். வந்தவர் அந்துவான் முசே; பிரெஞ்சில் முசே என்றால் ஐயா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்று ஊரில் சொல்வோம். அவருடைய அப்பா விட்டுப்போன பழைய பிரெஞ்சு ரிவால்வரை மேஜைமேல் வைத்து, லைசென்ஸை நீட்டினார். அதில் காலிபர், அதாவது துளையளவு, .32 என்று எழுதியிருந்தது.

நான் .32 தோட்டா ஒன்றைச் சேம்பரில், தோட்டா உட்காரும் அறையில், போட்டேன். உள்ளே போனது. லேசாக ஆட்டினேன், லொடலொடவென்று ஆடியது. வெர்னியர் வைத்து அளந்தேன். சேம்பர் பெரிது, குழலின் துளையும் குண்டைவிடப் பெரிது. அது பிரெஞ்சு எட்டு மில்லிமீட்டர் ரிவால்வர்; பெயரளவில் .32-க்குக் கிட்ட வரும், ஆனால் தோட்டா வேறு. அதற்கான தோட்டா நம் பக்கம் கிடைக்காது. லைசென்ஸ் எழுதியவர் தனக்குத் தெரிந்த நம்பரைப் போட்டுவிட்டார்.

"முசே, இதுக்கு இது சேராது. சுட்டா தோட்டாவோட பித்தளைக் கேஸ் கிழியும். கேஸ் கிழிஞ்சா நெருப்பு பின்னால வரும்."

"அதான் உள்ள போவுதே! நான் இந்தோசீனாவுல சண்ட போட்டவன்யா. எனக்கே சொல்லித் தர்றியா?"

முதலாளி எழுந்து வந்தார். "ராமலிங்கம், பேப்பர் சரியா இருக்குது. எடுத்துக் குடு."

"அவரு பேப்பரையா சுடப்போறாரு? பிடிக்கப்போறது கையிலதானே. நீங்களே எடுத்துக் குடுங்க முதலாளி. ஆனா மொத குண்ட நீங்க பிடிச்சு சுடுங்க."

முதலாளி முகம் சிவந்தது. "நாளையிலேர்ந்து நீ வராதே."

கருவடிக்குப்பத்தில் என் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஆனாலும் மன்னிப்புக் கேட்க மனசு வரவில்லை.

பத்து நாள் கழித்து அந்துவான் முசே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வலது கையில் கட்டு, கன்னத்தில் பிளாஸ்திரி.

"வேற ஊருல வாங்கிட்டேன்யா. காலாப்பட்டு தோப்புல சோதிச்சுப் பாத்தேன். நீ சொன்ன மாதிரியே பித்தளை கிழிஞ்சு மூஞ்சில அடிச்சுது. கண்ணு தப்பிச்சது ஒரு விரல்கடை."

அவரே என்னைக் கடைக்கு அழைத்துப் போனார். முதலாளி, "சரி, வந்து வேலையப் பாரு" என்றார்.

"வரேன். ஆனா பழைய ரிவால்வர் எது வந்தாலும் நான் அளந்து பாக்காம ஒரு தோட்டா வெளிய போகக்கூடாது. நான் வேணாம்னா வேணாம்தான்."

முதலாளி ஸ்டாக் அலமாரிச் சாவியை என் பக்கம் தள்ளினார். அந்துவான் முசே லைசென்ஸில் காலிபரைத் திருத்தி வாங்கினார். ரிவால்வரைக் கடைசிவரை காலியாகவே வைத்திருந்தார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சேம்பருக்குள் நுழைகிற தோட்டா எல்லாம் அந்தத் துப்பாக்கியின் தோட்டா ஆகிவிடாது. சேம்பரை அள, குழலை அள, சிலிண்டரில் விரிசல் பார். சந்தேகம் வந்தால் கொடுக்காதே. முதலாளி கத்துவார், வாடிக்கையாளர் கத்துவார். கத்தட்டும். இன்னொருத்தர் கண்ணை வைத்துச் சோதித்துப் பார்க்க நமக்கு யாரும் லைசென்ஸ் தரவில்லை.