இலையோடு போன பல் பிளேட்

கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் நான் சம்பளம் வாங்கினேன். மைசூர் தொலைபேசி நிலையத்தில் விசாரணைப் பிரிவு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஊரே என்னிடம் நம்பர் கேட்கும். ஆஸ்பத்திரி நம்பர், கேஸ் ஏஜென்சி நம்பர், பெண்ணைக் கொடுத்த வீட்டு நம்பர். அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அங்கே என் குரலைத்தான் கேட்பார்கள், வாயைப் பார்க்க மாட்டார்கள்.

எனக்கு எத்துப்பல். மேல்வரிசை முழுக்க உதட்டைத் தள்ளிக்கொண்டு முன்னால் நிற்கும். பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், வைத்தவளுக்கு இத்தனை வருஷம் கழித்தும் ஒரு சந்தோஷம் கிடைத்துவிடும். சிரிப்பு வந்தால் என் வலது கை தானாக எழுந்து வாயை மூடிக்கொள்ளும். கையில் பாத்திரம் இருந்தால் புடவைத் தலைப்பு வரும். இரண்டுக்கும் வழியில்லாத இடத்தில் சிரிக்காமலே இருந்துவிடுவேன். எங்கள் கல்யாணத்தில் போட்டோக்காரர் "கொஞ்சம் சிரிங்கம்மா" என்று கெஞ்சிக் கெஞ்சி ஓய்ந்துபோனார். ஆல்பத்தில் ஒரு படத்திலும் என் பல் தெரியாது.

மகளுக்கும் அதே பல். நகைநட்டு எதுவும் நான் அவளுக்குச் சேர்த்து வைக்கவில்லை, இதை மட்டும் குறையில்லாமல் கொடுத்திருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவள் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஆண்டுவிழாவில் பரிசு வாங்க மேடைக்குப் போனவள், கைதட்டல் எழுந்ததும் சிரித்தாள். சிரித்த வேகத்தில் கை போய் வாயை மூடிக்கொண்டது. அச்சு அசல் என் கை. வீடு திரும்பும்போதே, இவள் பல்லைச் சரி பண்ணிவிடுவது என்று தீர்மானம் செய்துவிட்டேன்.

எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரி இருந்தது. கம்பி கட்டுவதற்கென்றே பெங்களூரிலிருந்து ஒரு டாக்டர், ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு அங்கே வந்துபோவார். கன்னடக்காரர், அவசரப்படாத மனுஷர். வேலையில் பிறர் கேட்டதையெல்லாம் சேர்த்து வைத்திருந்தவள்போல நான் அவரிடம் கேட்டுத் தீர்த்தேன். பால்பல் இன்னும் ஒன்றிரண்டு இருக்கிறதே, இப்போதே ஆரம்பிக்கலாமா? தாராளமாக, தாடை வளர்கிற வயதில் பல் சொன்ன பேச்சைக் கேட்கும் என்றார். நன்றாக இருக்கிற பல்லை எதற்குப் பிடுங்க வேண்டும்? பஸ்ஸில் நாலு பேர் இறங்கினால்தானே நிற்கிறவர்கள் ஒழுங்காக உட்கார முடியும் என்றார். கம்பியைக் கழற்றியதும் எல்லாம் முடிந்ததா? இந்த இடத்தில் மட்டும் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். முடியாது, அதற்குப் பிறகு பிளேட் ஒன்று தருவேன், அதை விடாமல் போட வேண்டும், பல் தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடும் என்றார்.

நாற்காலியில் சாய்ந்திருந்த மகள், வாயில் கண்ணாடி இருக்கும்போதே கையை உயர்த்தினாள். வகுப்பில் கேட்கிற மாதிரி. "அங்கிள், அம்மங்கூ மாடபஹுதா?"

அம்மாவுக்கும் செய்யலாமா என்கிறாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. "சும்மா இருடீ, எனக்கு என்னத்துக்கு?" என்றேன், கையால் வாயை மூடிக்கொண்டு. டாக்டர் என் கையைத்தான் பார்த்தார். பிறகு என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஈறும் எலும்பும் கெட்டியாக இருந்தால் வயது ஒரு தடையே இல்லை, பெரியவர்களுக்குப் பல் மெதுவாக நகரும், பொறுமை வேண்டும், அவ்வளவுதான் என்றார். உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "சென்னாகிதே" என்றார். முப்பத்தைந்து வயது தாண்டிய எனக்கு, என் வாயைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

வீட்டில் என் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா, வார்த்தைகளை எண்ணிச் செலவழிக்கிறவர். இந்த வயதில் எதற்கு என்பார், ஆபீஸில் சிரிப்பார்கள் என்பார் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் தயாரித்து வைத்துக்கொண்டு, கோர்ட்டுக்குப் போகிறவள் மாதிரி அவர் எதிரில் போய் நின்றேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு, "ரொம்ப வலிக்குமா?" என்றார்.

"மொதல்ல கொஞ்ச நாள் வலிக்கும்னாரு டாக்டர்."

"சரி. பண்ணிக்கோ."

பேப்பரைத் திருப்பிப் படிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. சண்டை போட வந்தவளுக்கு எதிராளி இல்லாமல் போனால் எப்படி இருக்கும்?

அவர் கேட்காததையெல்லாம் ஊர் கேட்டது. பக்கத்து வீட்டுத் தமிழ் அம்மாள், "மகளுக்கு வரன் பாக்கப்போற வயசுல நீ எதுக்குக் கம்பி கட்டிக்கற?" என்றாள். அப்போது என் மகளுக்குப் பன்னிரண்டு வயதுகூட ஆகவில்லை. ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரி, "ஏன்ரீ இது, ஈ வயஸ்ஸல்லி?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள், இந்த வயதில் இது என்னவாம். கம்பி துருப்பிடிக்காதா, இடி மின்னல் வந்தால் ஆபத்தில்லையா, முத்தம் கொடுத்தால் குழந்தைக்குக் கீறாதா என்றெல்லாம் கேட்டார்கள். என் வாயைப் பற்றி ஊருக்கு இத்தனை கவலை இருந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. யாரையும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. பூட்டுப் போட்ட வாய்க்கு அது ஒரு வசதி.

முதல் வாரம் வலி உயிரை வாங்கியது. கம்பி கன்னத்தின் உட்புறத்தை உரசிப் புண்ணாக்கியது. டாக்டர் கொடுத்த மெழுகைக் கிள்ளிக் கம்பிமேல் ஒட்டிக்கொண்டு அம்மாவும் பெண்ணும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். இட்லியைக்கூட மெல்ல முடியவில்லை. சமையலறைப் பக்கமே வராத என் கணவர் ராகிக் கஞ்சி காய்ச்சினார். கட்டி தட்டிப்போய், மறுபடி கரைத்து, மோர் விட்டு ஆற்றி, இரண்டு டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார். கம்பியை இறுக்கிவிட்டு வந்த ஒவ்வொரு தடவையும் அந்தக் கஞ்சி இருந்தது. அதற்காக நான் அவரிடம் நன்றி என்று சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்குப் புழக்கம் கிடையாது.

சங்கராந்திக்கு மைசூரில் எள்ளும் வெல்லமும் கொப்பரையும் வேர்க்கடலையும் கலந்து, கரும்புத் துண்டு, சர்க்கரை அச்சோடு வீடு வீடாகக் கொடுப்பார்கள். அந்த வருஷம் மகள் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு தெரு முழுக்கக் கொடுத்துவிட்டு, வாங்கியதையெல்லாம் மேஜைமேல் குவித்தாள். கம்பி கட்டிய வாயால் அதில் எதையும் கடிக்க முடியாது. நாங்கள் இருவரும் சர்க்கரை அச்சை நாக்கில் கரைத்துக்கொண்டிருக்க, என் கணவர் எதிரே உட்கார்ந்து கரும்பைக் கடித்தார். இரண்டாவது கடியில் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டார்.

இரண்டு வருஷம் முடியக் கொஞ்சம் முன்னாலேயே மகளுக்குக் கம்பி கழன்றது. எனக்கு அதற்கப்புறம் வெகு நாள் ஆயிற்று. கண்ணாடியில் பார்த்தபோது யாரோ வீட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்று தோன்றியது. பல் ஒரே வரிசையில், உதடு தானாக மூடிக்கொண்டு. அழுதேன். அந்த டாக்டர் நன்றாக இருக்கவேண்டும் என்று அன்றைக்கும் வேண்டிக்கொண்டேன், இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

பிறகு பிளேட். மேலண்ணத்தில் ஒட்டி உட்காருகிற இளஞ்சிவப்புத் தகடு, முன்பல்லைச் சுற்றிப் பிடிக்க ஒரு மெல்லிய கம்பி. சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம். கழற்றினால் டப்பாவில்தான் வைக்க வேண்டும், முதல் சில மாதம் தவறவே கூடாது என்றார் டாக்டர். அதைப் போட்டுக்கொண்டு ஹெட்போனில் பேசினால் ஒவ்வொரு எழுத்தும் வழுக்கியது. கேட்டவர்கள் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டார்கள்.

இங்கே என் கணவரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எச்சில் என்றால் அவருக்கு ஆகாது. டம்ளரில் வாய் வைத்துக் குடித்ததில்லை. நான் கடித்த மாம்பழத்தைத் தொட்டதில்லை. சாப்பிட்ட தட்டை எடுத்த கையை சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவுவார். அப்படிப்பட்டவர் ஒரு காலையில் தொட்டிமேல் என் பிளேட் தண்ணீர் டம்ளரில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, பல் விளக்காமலே திரும்பி வந்தார். "அதை என் கண்ணுல படாத எடத்துல வெச்சுக்கோ" என்றார். அதிலிருந்து டப்பாவை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

அந்தக் கோடையில் அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு சத்திரத்தில். தாய்மாமன் இவர்தான். ஜரிகை வேட்டி, அங்கவஸ்திரம் எல்லாம் போட்டுக்கொண்டு கம்பீரமாக இருந்தார். எனக்கும் உள்ளுக்குள் ஒரு காரியம் இருந்தது. மேடையில் நின்று வாயை மூடாமல் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை. என் சிரிப்புக்கு அதுதான் அரங்கேற்றம்.

பந்தியில் உட்கார்ந்தபோதுதான் டப்பா இருந்த கைப்பையை மகளிடம் கொடுத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. பிளேட்டைக் கழற்றி, யார் கண்ணிலும் படாமல் இலை நுனிக்கு அடியில் தள்ளினேன். ஒப்பட்டு என்று இங்கே சொல்கிற போளி, சித்ரான்னம், மைசூர்பாகு. மைசூர்பாகைக் கடித்துச் சாப்பிட்டேன் என்பதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன். பாயசம் வருவதற்குள் மேடையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள், தாய்மாமன் குடும்பம் போட்டோவுக்கு வரணுமாம். முறைப்படி இலையை என் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தேன். கையலம்பிவிட்டு, மேடைப் படியில் கால் வைத்தபோது நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது. அங்கே ஒன்றுமில்லை.

ஓடினேன். மேஜையில் என் இலை இல்லை. விரித்திருந்த காகிதத்தோடு இலைகளைப் பாய்போலச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த பந்திக்கு இலை போட்டாகிவிட்டது. டாக்டர் வருவதற்கு இன்னும் ஒரு ஞாயிறு தாண்டவேண்டும், வந்து அளவெடுத்துப் புதிது செய்து தருவதற்குள் என் பல் எங்கே போய் நிற்குமோ. அத்தனை நாள் வலி, அத்தனை டம்ளர் கஞ்சி. அங்கேயே நின்று அழ ஆரம்பித்துவிட்டேன். பின்னாலேயே வந்த என் கணவர் கேட்டார்.

"என்ன ஆச்சு?"

"பிளேட்டு இலையோட போயிடுச்சுங்க."

அவர் அங்கவஸ்திரத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

சத்திரத்துக்குப் பின்னால் இலைகள் மலையாகக் கிடந்தன. இரண்டு பசுமாடுகள் ஏற்கெனவே ஒரு பக்கத்திலிருந்து ஆரம்பித்திருந்தன. என் கணவர் மாடுகளை விரட்டிவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு குனிந்தார். ஊரார் எச்சில் அத்தனையும் அங்கே கிடந்தது. ஒவ்வொரு சுருளாகப் பிரித்தார். சாம்பார் முழங்கை வரை வழிந்தது. நானும் குனிந்தபோது, "நீ பட்டுப்புடவையோட வராத, மாட்டைப் பாத்துக்கோ" என்றார். தாய்மாமன் எங்கே, தாய்மாமன் எங்கே என்று உள்ளே தேடிக்கொண்டிருந்தார்கள். நான் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரசத்தில் ஊறிய ஓர் இலை மடிப்புக்குள் அது இருந்தது. உடையவில்லை. குழாயடிக்குக் கொண்டுபோய்த் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். "வெந்நி கேக்கலாம்னு பாத்தேன். வெந்நில போட்டா வளைஞ்சிடும்னு டாக்டர் சொன்னதா நீ சொல்லியிருக்க இல்ல" என்று சொல்லி, உள்ளங்கையில் வைத்து நீட்டினார். நான் என்றைக்கோ மகளிடம் சொன்னதைப் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீங்க போய் எச்சில்ல கையை விட்டுட்டீங்களே" என்றேன்.

குழாயில் கையைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "நம்ம கல்யாண ஆல்பத்துல ஒரு போட்டோல கூட நீ சிரிக்கலை. பொண்ணு பாக்க வந்தப்பவும் குனிஞ்ச தலை நிமிரலை, வாயைத் தொறக்கலை. என்னைப் பிடிக்காம கட்டி வெச்சுட்டாங்களோன்னு ரொம்ப வருஷம் நெனச்சிட்டிருந்தேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டு, நீ ஆமாம்னுட்டா?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குழாயை நான்தான் மூடினேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ நம்பர் சொன்ன வாய்க்கு, இந்தப் பதில் வர நேரமாயிற்று.

"அன்னைக்கே பிடிச்சிருந்தது" என்றேன். "அதனாலதான் வாயைத் தொறக்கலை. பல்லைப் பாத்துட்டு வேணாம்னு போயிடுவீங்களோன்னு."

அவர் திரும்பிப் பார்த்தார். பிளேட்டைப் போட்டுக்கொண்டு, அங்கவஸ்திரத்தை அவர் தோளில் போட்டுக் கறையை மறைத்தேன். முழுக்க மறையவில்லை. மேடையில் போட்டோக்காரர் எங்களைச் சிரிக்கச் சொல்லவே இல்லை, சிரிப்பைக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்றுதான் சொன்னார்.