கிழக்கே வைத்த வாசல்

பதினொரு அடி. உருண்டுபோன கூடாரம் நின்ற இடத்துக்கும் அந்தக் கிணற்றின் விளிம்புக்கும் நடுவே இருந்த தூரம் அவ்வளவுதான். பாதத்தோடு பாதம் ஒட்டிவைத்து நானே அளந்தேன். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. கூடாரத்துக்குள் ஐந்து வயதுப் பேத்தி இருந்தாள். ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போதும் மத்தியானத்தில் ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டால் எழுந்துபோய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன்.

அந்த நேரத்திலா அளந்தீர்கள் என்று கேட்பீர்கள். அரசுக் கிடங்கில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருப்பு சரிபார்த்தவன் நான். பயம் வந்தால் எதையாவது எண்ணத் தொடங்கிவிடுவேன். பயம் இல்லாதபோதும் எண்ணுவேன். அது வேறு விஷயம்.

கூடாரம் வாங்கியது மகன். எங்கள் குடும்பத்தில் யாரும் அதற்கு முன் வெட்டவெளியில் படுத்ததில்லை. ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் கொசுவலைக்கு உள்ளே, மின்விசிறிக்கு நேர் கீழே படுப்பவர்கள் நாங்கள். கோவளம் தாண்டி, கடலை ஒட்டிய ஒரு சவுக்குத் தோப்பில் ஒரு நாள் தங்குவதாக ஏற்பாடு. காலை ஒன்பது மணிக்கு என்னையும் மருமகளையும் பேத்தியையும் மூட்டைகளோடு இறக்கிவிட்ட பிறகுதான் அடுப்பு வரவில்லை என்று மகனுக்குத் தெரிந்தது. கீழ்க்கட்டளையில் இருக்கும் நண்பனிடம் கேட்டு வாங்கிவர அவன் காரைத் திருப்பிக்கொண்டு போனான். கூடாரம் போடும் வேலை மருமகள் தலையில் விழுந்தது. கம்பிகள் இரண்டு, கயிறுகள் நான்கு, முளைகள் பன்னிரண்டு என்று எண்ணிக் கொடுத்தேன். பையோடு வந்த தாளை அவள் இரண்டு முறை படித்தாள். ஒரு சவுக்கு இலைகூட அசையவில்லை.

அவள் வாசலை மேற்கே, மரங்களைப் பார்த்து வைத்தாள். நான் விடவில்லை. சொந்த வீடு கட்டியபோது, நிறுத்திய நிலைக்கதவைப் பெயர்த்து மறுபடியும் கிழக்குப் பார்த்து வைக்கச் சொன்னவன் நான். மனிதர் படுக்கும் எதற்கும் வாசல் கிழக்கே இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

"மாமா, இது வீடு இல்ல, டென்ட். காத்துக்கு முதுகு காட்டி வைக்கணும்னு இதுல போட்டிருக்கு."

"காத்து எங்கம்மா இருக்கு? ஒரு ராத்திரி ஆனாலும் குழந்தை படுக்கிற இடம்."

அவள் தாளை மடித்து வைத்துவிட்டு, அடித்த முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கூடாரத்தைக் கடலைப் பார்த்துத் திருப்பினாள். மறுபடி அடித்தபோது எட்டுதான் அடித்தாள். மீதி நான்கும் மணலில் நிற்கவில்லை. எட்டே போதும் என்று சொன்னதும் நான்தான்.

பன்னிரண்டு மணிக்குப் பேத்தி தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு உள்ளே போய்த் தூங்கிவிட்டாள். பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன்காரம்மா ஒருத்தி கூடையோடு வந்தாள். ஐம்பது வயது இருக்கும். கூடையை இறக்கியவள் மீனைப் பற்றிப் பேசவே இல்லை.

"ஐயே, இன்னா பெருசு இது? காத்து வர்ற பக்கம் வாயத் தொறந்து வெச்சிகினு கீறீங்க?"

"காத்தே இல்லையேம்மா."

"அது இன்னும் சாப்ட்டு வரல. வரும் பாரு."

நான் சிரித்தேன். மருமகள் சிரிக்கவில்லை, கூடாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். குழந்தை எழுந்ததும் திருப்பிவிடலாம் என்று சொன்னேன். அதற்குள் பன்னிரண்டு நாற்பதுக்குக் கடற்காற்று வந்துவிட்டது. மெல்ல ஆரம்பித்து வலுத்த காற்று அல்ல. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைகிற ஆள் போல வந்தது. வாசல் வழியாகப் புகுந்ததும் கூடாரம் பூரி போல உப்பியது. முன்பக்கத்து முளை ஒன்று மணலைக் கக்கிக்கொண்டு எழும்பியது. ஒன்று. அதற்குப் பக்கத்தில் இருந்தது, இரண்டு. மூன்று, நான்கு. நாற்காலியில் உட்கார்ந்தபடி எட்டு வரைக்கும் எண்ணினேன். எழுந்திருக்கவில்லை. இதை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை. குழந்தையை வயிற்றில் வைத்துக்கொண்டு அது ஒரு பந்தைப் போல மேற்கே, தோப்புக் கிணறு இருந்த பக்கம் உருண்டது. உள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

மருமகள் ஓடினாள். அவளை முந்திக்கொண்டு மீன்காரம்மா ஓடி, கூடாரத்தின் மேல் குப்புற விழுந்தாள். கம்பி முறிந்தது. இருவருமாக இழுத்துப் பிரித்துக் குழந்தையை வெளியே எடுத்தார்கள். உதடு கிழிந்திருந்தது, அவ்வளவுதான். எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் விழித்துவிட்டு, பிறகுதான் அழுதாள். நான் அப்போதுதான் எழுந்துபோய் அளந்தேன்.

"யாரு வாசல இப்பிடி வெச்சது?" மீன்காரம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"நான்தான்க்கா," என்றாள் மருமகள்.

"படிச்ச பொண்ணு தான நீ? கொயந்தய உள்ள வுட்டுட்டு இப்டியா பண்ணுவ? அறிவு வாணாம்?"

அவள் திட்டி முடிக்கும்வரை மருமகள் தலை நிமிரவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. மகன் வந்து கேட்டபோது அவனிடமும் நான்தான் என்றே சொன்னாள் மருமகள்.

திட்டிவிட்டு மீன்காரம்மா செய்து காட்டியதை, முதல்முறை குடும்பத்தோடு கூடாரம் போடப் போகிறவர்களுக்காக எழுதிவிடுகிறேன். காலையில் காற்று இல்லை என்பதை நம்பாதீர்கள். மத்தியானம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று அந்த ஊர்க்காரரிடம் கேளுங்கள். கூடாரத்தின் முதுகு அந்தப் பக்கம் இருக்கட்டும். மணலில் முளை நிற்காது; சாக்கில் மணலை நிரப்பி, அதில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதையுங்கள். காற்று வலுத்தால் முதலில் ஆட்களை வெளியே அழைத்து வாருங்கள். கிணறு, முள்வேலி, சாலை எதுவும் காற்று போகும் திசையில் இருக்கக் கூடாது. இதில் எதுவுமே கடினமான காரியம் இல்லை. வயதில் பெரியவர் சொல்கிறாரே என்று வாசலைத் திருப்பாமல் இருப்பதுதான் கடினம்.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் புதுக் கூடாரம் ஒன்று வாங்கிவந்து மொட்டை மாடியில் விரித்தான். பேத்திக்கு இப்போது பதினொரு வயது. "எல்லாத்தையும் அம்மாகிட்ட குடு, வாசலை மட்டும் குடுத்துடாதே," என்று அவளிடம் சொல்லிச் சிரித்தான். பேத்தி சிரித்தாள். மருமகளும் வழக்கம் போலச் சிரித்தாள்.

"வாசலைக் கிழக்கே வைக்கச் சொன்னது நான். அவ வேண்டாம்னுதான் சொன்னா," என்றேன்.

மகன் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தான். "என்னப்பா சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டுவிட்டு, அவளிடம் திரும்பினான். "நீ ஏன் சொல்லல?"

"அன்னிக்கு மாமா முகத்தை நீங்க பாக்கல. பேய் அறைஞ்ச மாதிரி மணல்ல அடி வச்சு அளந்துட்டு இருந்தார். அவர்கிட்ட போய் என்னத்தச் சொல்றது?" கூடாரத் துணியை இழுத்துச் சரிசெய்தாள். "அப்புறம் அவர் அதைப் பத்திப் பேசவே இல்ல. அதிர்ச்சியில மறந்தே போயிட்டார்னு நெனச்சேன். மறந்தவர்கிட்ட எதுக்கு?"

மறந்துதான் போயிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

"மறக்கலம்மா. அவன் உன்னைக் கேலி பண்ணினது என் காதுபட இதோட பத்தொன்பது தடவை."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. கூடாரத் துணியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"நான் எண்ணல மாமா," என்றாள். பிறகு கீழே இறங்கிப் போனாள்.