அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தவர்

குருபூஜைக்காக அம்மாவை அடி அண்ணாமலை பக்கம் ஒரு மடத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். அம்மாவுக்கு மறதி நோய். சில நாள் என்னையே யாரென்று கேட்பாள். அபிஷேகம் முடிந்து, அலங்காரத்துக்காகச் சன்னதியில் திரை போட்டிருந்தார்கள். அம்மாவைத் தூணோரம் உட்காரவைத்துவிட்டுச் சாப்பாட்டு வரிசையில் நின்றேன். வரிசை சமையல்கூடத்தைச் சுற்றிப் போனதால் கொஞ்ச நேரம் அம்மா கண்ணில் படவில்லை.

மறுபடி பார்த்தபோது, காவிப் புடவை கட்டிய ஒருத்தி அம்மாவை ஒட்டி உட்கார்ந்து கையைப் பிடித்திருந்தாள். அந்தக் கையில்தான் தங்க வளையல்கள் இருந்தன. பிறகு அம்மாவின் முந்தானையைத் தன் முந்தானையோடு சேர்த்து முடிந்தாள்.

வரிசையை விட்டு ஓடினேன். "கைய எடுங்க. எதுக்கு முடிச்சு போட்டீங்க?"

அவள் பதறவில்லை. "வீட்டுக்குப் போறேன்னு வாசல் வரைக்கும் போயிட்டாங்கம்மா. ரோட்டுல வண்டி ஜாஸ்தி. எனக்கு மலை சுத்துன அசதி, கண்ணு சொக்குது. நான் தூங்கிட்டாலும் இழுத்தா தெரியும்னுதான் முடிஞ்சேன்."

கேட்டுக்கொண்டே அம்மாவின் கையைத் திருப்பி வளையல்களைப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. நிமிர்ந்தபோது, நான் பார்த்ததை அவரும் கவனித்துவிட்டார் என்று தெரிந்தது. திரை இன்னும் விலகாத சன்னதியின் பக்கம் திரும்பிக் கும்பிடத் தொடங்கினார்.

முடிச்சை அவிழ்க்கப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். "இவங்க இருக்கட்டும்" என்றாள்.

மூவரும் ஒரே பந்தியில் சாப்பிட்டோம். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போதும் யாராவது அம்மாவை நெருங்கினால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வருகிறது. ஆனால் கூடவே, நான் கூசிப்போகக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட அவரும் நினைவுக்கு வந்துவிடுகிறார்.