கலுங்கு மட்டத்தில் ஒரு நீலக்கோடு

ராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் போகும் ரோட்டை விட்டு உள்ளே இறங்கினால் ஒரு தெரு. முன்பு அது கண்மாய். அங்கே பாதி வீடுகள் நான் கட்டியவை. கொத்தனார் வேலையை யாரும் எனக்கு உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. சாந்துச் சட்டி தூக்கித் தூக்கியே கற்றுக்கொண்டேன்.

போன வருஷம், ஓவியக் கல்லூரியில் படித்த சேத்தூர்ப் பெண் ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். கண்மாய் நிறைந்தால் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்குமோ, அந்த உயரத்தில் எல்லா வீட்டுச் சுவரிலும் ஒரே நீலக்கோடு போட வேண்டுமாம். வீடு வீடாகச் சம்மதமும் வாங்கியிருந்தாள்.

"சொவத்துல கோடு போடுறதுக்குப் பேரு கண்காட்சியாம்மா?" என்றேன்.

"ஹால்ல படம் மாட்டுனா பாத்துட்டுப் போயிருவாக அண்ணாச்சி. இங்க கோட்டுக்குக் கீழ நின்னுல்லா பாக்கணும்."

தெருவின் கடைசி வீடு என் அக்காவுடையது. அத்தான் பட்டாளத்தில் இருந்தபோது நான் கட்டிக் கொடுத்தது. மனை பார்த்த அன்று அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "இங்க தண்ணி வருமாலே?"

"கெண்டைக்காலுக்கு மேல வராதுக்கா."

அந்தக் கண்மாயில் நீச்சல் பழகியவன் நான். அக்கா பக்கத்திலேயே இருக்கட்டும் என்ற ஆசை. கையில் வேலையில்லாத காலம் வேறு. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள்.

கண்மாய் நிறைந்ததும் உபரித் தண்ணீர் வழிந்தோடிய கலுங்கு இன்னும் தெருமுனையில் இருக்கிறது. அதன் மேல்மட்டத்திலிருந்து, மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய குழாயை ஆளுக்கொரு முனை பிடித்து, சுவர் சுவராகப் புள்ளி வைத்துக்கொண்டே போனோம்.

"என்ன கொத்தனாரே, தெருவுக்கு அரணாக்கயிறு கட்டுறீகளா?" என்று ஒருவர் மாடியிலிருந்து சத்தம் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். தெரு இறங்க இறங்கப் புள்ளி ஏறியது. முழங்கால், இடுப்பு, சன்னல் என்று ஏற ஏறச் சிரிப்பும் அடங்கியது.

அக்கா வீட்டில் அவள் தலைக்கு மேலே ஒரு சாண்.

இந்தச் சுவரை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அக்கா வெளியே வந்து, கையை உயர்த்திப் புள்ளியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏலே, அன்னைக்கே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"கண்மாய்க்குள்ள போயா வீடு கட்டுறேன்னு எத்தன பேரு கேட்டாக. என் தம்பி சொல்லிருக்கான்னேன்."

"வேணாம்னா விட்டுருவோம்க்கா" என்றாள் அந்தப் பெண்.

"நீ போடு தாயி." பிறகு என்னைப் பார்த்தாள். "நீ உள்ள வா. வீட்டுக்குள்ளயும் இழு. பத்திரம், அவிய பென்சன் புக்கு, அம்புட்டையும் எதுக்கு மேல வைக்கணும்னு நான் தெரிஞ்சுக்கிடணும்."

ஹால், அடுக்களை, படுக்கையறை என்று இழுத்துக்கொண்டே போனேன். கண்காட்சிக்கு வந்தவர்கள் யாரும் பார்க்காத கோடு அது. நான் கட்டிய அலமாரியின் மேல்தட்டு அதற்கு நாலு விரல் கீழே இருந்தது. மறுநாளே கோட்டுக்கு ஒரு முழம் மேலே புதுத்தட்டு போட்டேன். சிமென்ட் இறுக ஒரு வாரம் அதை நனைக்கப் போய் வந்தேன். அக்கா கதவைத் திறந்துவிடுவாள்; பேசமாட்டாள்.

எட்டாம் நாள் பத்திரப் பையை என் கையில் கொடுத்தாள். "எனக்கு எட்டாது. நீயே வையி."