நான்கு முறை எடுத்த நாவல்

வில்லாபுரத்தில் வாடகை நூலகம் நடத்துகிறேன். கல்லூரி மாணவி ஒருத்தி, ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண் இன்னொரு பெண்ணைக் காதலிக்கும் நாவலை நான்கு முறை எடுத்துப்போனாள். "அண்ணே, என்னையவே எழுதுன மாதிரி இருக்கு," என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

ஒருநாள் அதைத் திருப்பித்தர அவள் அம்மா வந்தார். என் வாய் சும்மா இருக்குமா? "ரெண்டு பொண்ணுக காதல் கததான்க்கா. ஒங்க மகளுக்கு இதுன்னா அம்புட்டு உசிரு!" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த மாதமே மகளோடு வந்து அவளுடைய கல்யாணப் பத்திரிகை வைத்தார். அம்மா பக்கத்துக் கடைக்கு நகர்ந்ததும் நாவலை அவளிடம் நீட்டினேன்.

"வேணாம்ண்ணே. என்னைய மாதிரி வேற பிள்ள வந்தா குடுங்க. அவ அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

இப்போதெல்லாம் யார் எதைப் படித்தாலும் நான் வாய் திறப்பதில்லை. அவளுக்கு அது உதவாது.