எரிமலை நாட்டில கூப்பிட்ட பேர்

அது கிடக்கட்டும் தங்கச்சி, நானும் இவரும் நியூசிலாந்துக்குப் போன கதையை உமக்குச் சொன்னனானோ? சிட்னியில மகன்தான் பிளேன் ஏத்திவிட்டவன். அங்க எரிமலையடியில நிலமே மூச்சு விடுது! குளம் பச்சை, கல்லு மஞ்சள், எங்கயும் வெள்ளைப் புகை. அந்த நாட்டுப் பழங்குடி மாவோரிப் பெண்டுகள் அந்த ஆவியிலயே சோளம் அவிக்கினம். நான் கனவு காணுற மாதிரிப் பாத்துக்கொண்டு நிக்க, இவர் படமெடுக்கிறதெண்டு கமராவோட வேலியைத் தாண்டிப் புகைக்குள்ள போயிட்டார்.

"இஞ்சேருங்கோ! இஞ்சேருங்கோ!" எண்டு கத்தினன். எப்பவும் இப்பிடிக் கூப்பிடுறதுதானே எண்டு மனுசன் திரும்பேல்லை. சோளம் அவிச்ச மனுசி பதறி ஓடிவந்து, "நேம்? நேம்?" எண்டு கேட்டா. கலியாணம் கட்டின நாளில இருந்து என்ர வாயில வராத பேர் தங்கச்சி! கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "சிவலிங்கம்!" எண்டு கத்தினன்.

மனுசன் திகைச்சு அப்பிடியே நிண்டிட்டார். புகை விலகினால், அவற்ற காலடிக்கு முன்னால சேத்துக்குழி கொதிக்குது!

மெல்லத் திரும்பி வந்து, "என்ர பேர் உமக்குத் தெரியுமோ?" எண்டு கேட்டார்.

அந்த நாளில இருந்து பேர் சொல்லித்தான் கூப்பிடுறன். ஐயோ, மழை தூறுது. சிவலிங்கம்! கொடியில கிடக்கிற உடுப்பை எடுங்கோ, நானும் வாறன்!